அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு சீஸ்கட்டி

அந்த வாரம் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. தேநீர் ஊற்றவே பக்கத்தில் ஆள் தேவைப்படும் என் சித்தப்பா, தான் ஒரு கப்பல் சமையற்காரர் என்று சொன்னார்.

2. அதை முழுதாக நம்பாத கப்டன் ஒருவர், எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டிச் சீஸ் அனுப்பி, மொறுமொறுப்பாகப் பொரித்துக் கொண்டுவரச் சொன்னார்.

3. எங்கள் குசினி அடுப்பில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. மூன்று பேரும் நிலத்தில் படுத்தோம்.

4. சின்னம்மா சீஸைக் கருவாடு என்று நினைத்தார். சரியாகச் சொன்னால், அவர் நினைக்கவில்லை. அவருடைய கை நினைத்தது.

5. துறைமுக வாசலில் துவக்குடன் காவல் நின்றவர் சித்தப்பாவைச் சீஸ் தின்ன வைத்தார்.

6. நான் சிரித்தேன். சிரிக்கக்கூடாத இடத்தில்.

ஆறையும் இப்படி வரிசையில் வைத்துப் பார்த்தால் யாரோ முன்கூட்டியே வரைந்து கொடுத்த திட்டம்போலத் தெரிகிறது. அது என் பழக்கம். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்தவள். சென்ற வாரம் அந்தக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த, ஒரு கால் குட்டையான வரைபலகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "கோடும் அளவும் பென்சிலும் சரி, உங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

சாப்பிடுவோம், அம்மா. இதோ.

தோணிக்குப் பெயின்ற் அடித்தவர்

என் ஊர் வெருகல். வேலை கிடைத்தது திருகோணமலை நகரத்துக் கந்தோர் ஒன்றில். ஆகவே உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒடுங்கிய ஓர் ஒழுங்கையில் இருக்கும் சின்னம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவருக்குச் சின்னம்மா என்ற பதவியில் ஆசை.

சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர் என்பது பொய்யல்ல. சரக்குக் கப்பல்களில் சில வருடங்கள் போயிருக்கிறார். துருவைச் சுரண்டுவதும், சுரண்டிய இடத்தில் பெயின்ற் அடிப்பதும் அவர் வேலை. கரைக்கு வந்து எத்தனை காலமானாலும் அவர் நகக்கண்களில் கப்பலின் சாம்பல் நிறம் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

சின்னம்மாவை அவர் கட்டிய கதையும் பெயின்றில்தான் தொடங்குகிறது. கப்பல் விடுமுறையில் வந்து நின்றவரை அம்மப்பா தன் தோணிக்குப் பெயின்ற் அடிக்கக் கூப்பிட்டாராம். இரண்டு நாள் வேலை. சித்தப்பா ஒரு மாதம் அடித்தார். அத்தனை பூச்சு எந்தக் கடலும் எந்தத் தோணியிடமும் கேட்டதில்லை. கடைசியில் அம்மப்பாவே, "தம்பி, பூச்சின்ரை பாரத்திலை தோணி தாண்டுபோகும். பொம்பிளையைக் கேக்கிறதெண்டால் கேளும்" என்று சொல்லிவிட்டார்.

நான் சொல்லவந்த நாட்களில் யுத்தம் காரணமாகக் கடலுக்குப் போவதற்குத் தடை, துறைமுகத்துக்குள் போவதற்குப் பாஸ், பாஸ் எடுப்பதற்கு இன்னொரு பாஸ். சித்தப்பா வீட்டோடு நின்றார். சன்னல்களுக்குப் பெயின்ற் அடித்தார். பிறகு கதிரைக் கால்களுக்கு. பிறகு கோழிக்கூட்டுக்கு. கோழிக்கூட்டுக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்த காலையில்தான் இராணுவத்தினர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள்.

ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். பொழுதுபடத்தான் வீட்டுக்கு விட்டார்கள். எல்லோரையும் அல்ல. சித்தப்பாவை விட்டார்கள். வந்தவர் கிணற்றடியில் நின்று நிறையத் தண்ணீர் அள்ளிக் குளித்தார். அதன் பிறகு ஒழுங்கையில் நாய் குரைத்தால் அவர் கையில் இருக்கும் தூரிகை நின்றுவிடும். நாய் நிறுத்தும்வரை அதுவும் அசையாது.

சின்னம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வெங்காயம் உரித்தபடி சொன்னார்: "இவர் திரும்பக் கப்பலுக்குப் போனால் நல்லது, வதனி. நடுக்கடலிலை ஆர் வந்து சுத்திவளைக்கிறது? மீன்தான்."

நாங்கள் விரும்பியது இது ஒன்றைத்தான். ஒரு கப்பல்.

"குசினி"

கப்பலைக் கொண்டுவந்தவர் நசீர் நானா, அதாவது நசீர் அண்ணன். கிண்ணியாக்காரர். கப்பல் முகவர் ஒருவரிடம் எழுதுவினைஞர். சித்தப்பாவின் பழைய கூட்டாளி. கோதுமை ஏற்றிக்கொண்டு சீனன்குடாப் பக்கம் ஒரு கப்பல் வந்து நின்றது. கப்டன் கிரேக்கர். அந்தக் கப்பலின் குசினி உதவியாளன் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான்.

"கோதுமை இறக்கி முடிய வெளிக்கிட்டுடும் மச்சான். அவசரமா ஓராள் தேடுறாங்க" என்றார் நானா. "ஒன்ட புத்தகத்தில கப்பல்ல போன பதிவு இருக்குத்தானே. என்ன வேலை செஞ்ச நீ?"

சித்தப்பா கண் வெட்டாமல் சொன்னார்: "குசினி."

உள்ளே சட்டி மூடி ஒன்று விழுந்து உருண்டது.

நானா போனதும் சின்னம்மா வெளியே வந்தார். "குசினியோ? எங்கடை வீட்டிலை குசினி எந்தப் பக்கம் இருக்கெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"மணம் வாற பக்கம்."

"விசரே உங்களுக்கு?"

"பெயின்ற் அடிச்சனான் எண்டு சொல்லியிருந்தால் நானா தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிருப்பார் மணி."

"பிடிபட்டால்?"

"நடுக்கடலிலை பிடிபட்டால் இறக்கிவிடவே ஏலும்?"

சின்னம்மா விழுந்த சட்டி மூடியை எடுக்க உள்ளே போனார். தர்க்கம் சரியாக இருந்தது.

ஆனால் பிடிபடும் இடம் நடுக்கடல் அல்ல என்பது வியாழக்கிழமை தெரிந்தது. நானா சைக்கிளில் வந்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஒரு கட்டியை மேசையில் வைத்தார். சவர்க்காரக் கட்டி இரண்டைச் சேர்த்து ஒட்டியதுபோல் இருந்தது. வெளிர்மஞ்சள். கல்லைப் போலப் பாரம்.

"போன துறைமுகத்தில ஒருத்தன் சமையல்காரன் எண்டு ஏறி, முட்டை அவிக்கத் தெரியாம நிண்டானாம். அதால கப்டன் இந்தமுற பார்த்துத்தான் எடுப்பாராம். இது அவங்கட ஊர்ச் சீஸ். பொரிச்சுத்தான் குடுக்கிறதாம். வெளியில மொறுமொறுண்டு, உள்ள மெதுவா. நாளைக்கு ஜும்ஆ முடிய நான் வாறன். உள்ள போறதுக்கு ஒருக்காப் பாஸ் எடுத்திருக்கன். பொரிச்சதைக் கொண்டுவாங்க."

அந்தச் சீஸுக்கு ஒரு பெயரும் சொன்னார். இரண்டாவது தடவை கேட்டபோது வேறு பெயர் சொன்னார். மூன்றாவது தடவை நாங்கள் கேட்கவில்லை.

அலுமாரிக்கு மேலே இருந்த ரின்

எங்கள் வீட்டிலும் ஒரு சீஸ் இருந்தது. வட்டமான தகர ரின்னில் அடைத்தது. யாரோ தந்தது. இரண்டு தீபாவளியாக அலுமாரிக்கு மேலே இருந்தது. அதைத் திறக்கும் அளவுக்கு முக்கியமான நாள் எது என்று வீட்டில் யாருக்கும் தீர்மானிக்கத் தெரியவில்லை. பொங்கலுக்குத் திறக்க நினைத்து, பொங்கலுக்குச் சீஸா என்று விட்டோம். என் வேலை உறுதியானபோது திறக்க நினைத்து, சம்பளம் வரட்டும் என்று விட்டோம்.

வியாழன் மாலை கதிரை போட்டு ஏறி அதை இறக்கினேன். கப்டனின் சீஸில் கைவைக்குமுன் இதில் பழகவேண்டும் என்பது என் யோசனை. எந்தச் சோதனையும் முதலில் மாதிரித் துண்டில்தான் செய்யவேண்டும்.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விறகு நன்றாகப் பிடித்தது. தாச்சியில் தேங்காய் எண்ணெய் கொதித்தது. சித்தப்பா முதல் துண்டை இரண்டு விரலால் பிடித்து, தூரிகையைப் பெயின்றுக்குள் விடுவதுபோல, எண்ணெய்க்குள் விட்டார்.

துண்டு மிதந்தது. அகன்றது. பிறகு இல்லை. எங்கள் ஊரில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வராத ஆட்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. அதை நாங்கள் விளையாட்டாகச் சொல்வதில்லை. ஆகவே கரைந்துபோனது என்று எழுதுகிறேன். எண்ணெய் மஞ்சளாக நுரைத்தது.

"பெயின்ற் கலக்கின மாதிரி வந்திருக்கு" என்றார் சித்தப்பா, கொஞ்சம் பெருமையாக.

"கட்லட்டுக்குச் செய்யிறமாதிரிச் செய்வம்" என்றார் சின்னம்மா. மாவைக் கரைத்து, சீஸ் துண்டை அதில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, இன்னொரு முறை தோய்த்து, இன்னொரு முறை புரட்டினார். உருண்டை தேசிக்காய் அளவுக்குத் தடித்தது. உள்ளே சீஸ் எங்கும் போகமுடியாது. அதுதான் பிழை. எங்கும் போகமுடியாத எதுவும் என்ன செய்யும் என்பதைப் பயிற்சி பெற்ற நான் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

தாச்சிக்குள் அது கொஞ்சநேரம் பொன்னிறமாக, அமைதியாகச் சுழன்றது. மூவரும் குனிந்து பார்த்தோம்.

"டப்!"

அடுத்ததாக எனக்குத் தெரிந்தது நிலத்துச் சீமெந்தின் குளிர். கன்னம் அதில் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் சின்னம்மா, இரண்டு கைகளாலும் தலையை மூடியபடி. வலப்பக்கம் சித்தப்பா, ஓட்டைக் கரண்டியை விடாமல். யாரும் யாருக்கும் படுக்கச் சொல்லவில்லை. இந்த வருடங்களில் அது சொல்லிச் செய்கிற விடயமல்ல. சத்தம் கேட்டால் உடம்பு தானாகப் படுக்கும். பிறகுதான் எங்கே விழுந்தது என்று காது தேடும்.

காது தேடியது. கோணேசர் மலைப் பக்கமா, சந்தைப் பக்கமா?

முகட்டிலிருந்து சூடான சீஸ் ஒரு சொட்டு, சித்தப்பாவின் பிடரியில் விழுந்தது.

"ஆ! மணி, எனக்குப் பட்டிட்டுது!"

சின்னம்மா தலையைத் தூக்கி, அந்தச் சொட்டைப் பார்த்து, அது நூலாக முகட்டுவரை நீண்டிருந்ததைப் பார்த்து, சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் வந்தது. எழும்ப முயன்று, சிரிப்பில் ஏலாமல் மறுபடியும் படுத்தோம். பக்கத்து வீட்டு ராசம்மாக்கா வேலிக்கு மேலால், "பிள்ளையள், எங்கை விழுந்தது? எங்கை விழுந்தது?" என்று கத்தினார்.

"சீஸ் அக்கா! சீஸ்!"

"எந்த இடம்?"

மிச்சத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒழுங்கை முகப்பில் கொட்டினேன். எங்கள் நகரத்தில் மான்கள் மாடுகளைப்போல வீதியில் திரியும். வாழைத்தோல், கடதாசி, சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீஸ் எதையும் விடமாட்டா. ஒரு கலைமான் வந்து மூக்கை நீட்டி மணந்து பார்த்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. நடந்துபோய்விட்டது.

இரவு கப்டனின் சீஸைச் சுற்றி மூவரும் இருந்தோம். ஆளுக்கு ஒரு நகக்கண் அளவு கிள்ளி வாயில் வைத்தோம். உப்பு! உப்பளத்து வரம்பை நக்கியதுபோல. ஆளுக்கொரு செம்பு தண்ணீர் குடித்தோம். கட்டியைத் தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈரமணலில் வைத்தோம். மின்சாரம் இல்லாத வீட்டில் அதுதான் எங்கள் குளிர்ப்பெட்டி.

படுக்கப்போகுமுன் சித்தப்பா அதில் ஒரு துண்டை வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றித் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "எல்லாம் பிழைச்சால், உன்ரை சாமான் இந்தா எண்டு இதையாவது திருப்பிக் குடுக்கலாம்" என்றார். அப்போது மட்டும் அவர் குரலில் பகிடி இல்லை.

கருவாட்டுக் கை

வெள்ளிக்கிழமை கந்தோருக்கு லீவு போட்டேன். காரணம் எழுதும் இடத்தில் "குடும்ப அலுவல்" என்று எழுதினேன். பிறகு வரைபெட்டியிலிருந்து மூலைமட்டத்தையும் அடிமட்டத்தையும் எடுத்து, கொதிநீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு குசினிக்குப் போனேன். துண்டுகள் ஒரே தடிப்பில் இருந்தால் ஒரே நேரத்தில் பொரியும். இது சூளையில் வேகும் செங்கல்லுக்கும் பொருந்தும், சீஸுக்கும் பொருந்தும்.

ஈரமணலில் கட்டி இல்லை.

"சின்னம்மா, சீஸ் எங்கை?"

"உதிலை ஊறுது."

"எதிலை?"

"அரிசி கழுவின தண்ணியிலை. ராத்திரி வாயிலை வைக்க உப்புக் கரிச்சுதெல்லே. விடியவே எழும்பிக் கருவாட்டுக்குப் போடுறமாதிரிப் போட்டு..."

சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் அலுமினியச் சட்டி. அதற்குள் கலங்கிய வெள்ளைத் தண்ணீர். அதற்குள் கப்டனின் ஊர்ச் சீஸ், கட்டாக் கருவாடு படுத்திருப்பதுபோலப் படுத்திருந்தது.

"கரைஞ்சிடுமே வதனி?"

கையை விட்டுப் பார்த்தேன். கரையவில்லை. கொஞ்சம் மெதுவாகியிருந்தது. ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தேன். உப்பு இறங்கியிருந்தது. பாலின் இனிப்பு முதல்முறையாக நாக்கில் பட்டது.

"என்ன?" என்றார் சித்தப்பா, வாசலில் நின்றபடி. உள்ளே வரப் பயம்.

"சொல்ல ஏலாது. பொரிச்சுப் பார்ப்பம்."

கட்டியைத் துணியில் ஒற்றி, பலகையில் வைத்து, மூலைமட்டத்தைப் பிடித்து ஊசியால் கோடு கீறினேன். வெட்டினேன். சின்னம்மா பக்கத்தில் நின்று சித்தப்பாவை ஏசத் தொடங்கினார். தோணியில் தொடங்கி, கோழிக்கூடுவரை ஏசினார். ஏச்சு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கடைசித் துண்டை வெட்டி நிமிர்ந்தபோது பார்க்கிறேன், முதல் துண்டுகள் எல்லாம் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் அரிசிமாவும் பூசி, தட்டத்தில் வரிசையாகப் படுத்திருந்தன. பொரிக்கப்போகும் பாரைமீன் துண்டுகளைப்போல.

"சின்னம்மா!"

"என்னடி?"

"கையைப் பாருங்கோ."

அவர் தன் கையைப் பார்த்தார். விரல்கள் மஞ்சள். ஊறப்போட்டது கருவாட்டுக் கை. அடுத்த வேலையை மீன் பொரிக்கிற கை தானாகவே தொடர்ந்துவிட்டது. கழுவினால் மாவும் சீஸும் சேர்ந்து களியாகிவிடும். வேறு சீஸ் இல்லை. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நானா இப்போது தொழுகைக்குப் போகிறார், முடிய வருவார்.

சித்தப்பா உள்ளே வந்து, தட்டத்தைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டார். "போடு மணி" என்றார். "நான் சாகிறதெண்டால் மஞ்சள் பூசிக்கொண்டு சாகிறன்."

போட்டார். எண்ணெய் சலசலத்தது. துண்டுகள் கரையவில்லை. வெடிக்கவில்லை. ஓரங்கள் சிவந்து சுருங்கி, மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பி, அவை அப்படியே மொறுமொறுப்பாக இறுகின. ஓட்டைக் கரண்டியில் அள்ளியபோது ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் வந்தது. ஓட்டில் மழைத்துளி விழுவதுபோன்ற சத்தம்.

வேலிக்கு மேலால் ராசம்மாக்கா: "மணி! வெள்ளிக்கிழமையிலை மீன் பொரிக்கிறியளோ?"

"இல்லை அக்கா, பால்ச்சாமான்!"

"பால்ச்சாமான் இப்பிடியே மணக்கும்?"

ஒரு துண்டை மூன்றாக வெட்டி ருசி பார்த்தோம். வெளியே கறுமுறு. பிறகு மிளகாய். பிறகு உள்ளே மெதுவான ஒன்று, பல்லுக்குள் கீச்சென்றது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சித்தப்பா தட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார். சின்னம்மா அகப்பையால் அடித்தார். அடித்த கையாலேயே தானும் ஒன்றை எடுத்தார். பிறகு இருவரும் என் பின்னால் தட்டத்தை ஒளித்துவைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

வாசல்

பிஸ்கட் பெட்டியில் கடதாசி விரித்து அடுக்கினோம். நானா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். துறைமுக வாசல்வரை நாங்கள் நால்வரும் நடந்தோம்.

வாசலில் மணல்மூட்டைகளுக்கு முன்னால் நின்ற கடற்படைக்காரர் இளம்பொடியன்தான். பாஸைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். பிறகு சித்தப்பாவின் சட்டைப்பையைத் தட்டினார்.

உள்ளே பாரமான ஒன்று.

சித்தப்பா அதை மறந்தே போயிருந்தார். எடுத்து நீட்டினார். எண்ணெய்க் கடதாசி பிரிந்தது. வெளிர்மஞ்சள் கட்டி, களிபோல, மூலைகள் கூராக. இந்த வருடங்களில் அப்படி ஒரு கட்டி வெடிமருந்தாகவும் இருக்கலாம் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஓரடி பின்னால் போனார். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த இன்னொருவர் எழுந்து நின்றார். சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. நாய் குரைக்கும்போது தூரிகை நிற்குமே, அப்படி.

"மே மொனவாத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

நானா ஏதோ சொல்லத் தொடங்கினார். கடற்படைக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எனக்குக் கந்தோரில் கற்ற சிங்களம் கொஞ்சம் உண்டு. "சீஸ்" என்றேன். "கிரி. கிரிதான்." பால் என்று சொன்னேன்.

அவர் நம்பவில்லை. சித்தப்பாவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நீ சாப்புடு."

சித்தப்பா கடித்தார். ஊறப்போடாத துண்டு அது. நேற்று நாங்கள் நகக்கண் அளவு வைத்துத் துடித்தது. அவர் வாய் நிறையக் கடித்தார். மென்றார். கண்கள் பெருத்தன. கண்ணீர் வந்தது. மூக்கு ஓடியது. ஆனாலும் இது சாப்பிடும் பொருள்தான் என்று காட்டவேண்டுமே. ஆகவே சிரித்த முகத்துடன், தலையை ஆட்டி ஆட்டி, "நல்லம்... நல்லம்..." என்றார்.

அப்போதுதான் நான் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன். மூக்கால் வந்துவிட்டது. சின்னம்மா என் கையைக் கிள்ளினார். கடற்படைக்காரர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சிரிக்கிறது?"

"லுணு" என்றேன். உப்பு. வேறு சொல் வரவில்லை.

அவர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார். பிறகு, எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் செய்தார். தானும் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

அவர் முகம் சித்தப்பாவின் முகமாக மாறியதை நான் பார்த்தேன். பின்னால் நின்றவர் பெரிதாகச் சிரித்துவிட்டார். உப்பைப் போக்க இவர் அவசரமாகப் பிஸ்கட் பெட்டிக்குள் கையை விட்டார். ஒரு பொரித்த துண்டு. கறுமுறு. நின்றார். இன்னொன்று.

"மாலு வகே!" என்றார் மற்றவரிடம். மீன் மாதிரி என்று.

மற்றவரும் வந்தார். மூட்டைக்குப் பின்னாலிருந்து மூன்றாமவர் ஒருவரும் வந்தார், அங்கே ஒருவர் இருந்ததே எங்களுக்கு அதுவரை தெரியாது. சின்னம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெட்டியின் அடிக்கடதாசி தெரியத் தொடங்கியது. கடைசியில் ஒருவர் மூடியை மூடி, சித்தப்பாவின் கையில் வைத்து, உள்ளே போகச் சொன்னார்.

வெறும் பெட்டி

சின்னம்மாவும் நானும் வீதிக்கு இந்தப் பக்கம் ஒரு வாகைமர நிழலில் குடை பிடித்து நின்றோம். ஒரு தடவை சின்னம்மா, "மஞ்சளைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றார். இன்னொரு தடவை, "ஏறிட்டால் எப்ப திரும்பி வருவார்?" என்றார். இரண்டும் ஒரே கவலையின் இரண்டு பக்கம் என்று எனக்குத் தோன்றியது. போகாவிட்டாலும் பயம், போனாலும் பயம்.

வெயில் சாய அவர்கள் வந்தார்கள். சித்தப்பா பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். வெறுமை. அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. பெட்டியை யாரும் வெறுமையாக்கலாம். அவரே தின்றிருக்கலாம்.

"சொல்லுங்கோவன்!" என்றார் சின்னம்மா.

"கப்டன் ஒரு துண்டு கடிச்சார். முகம் சிவந்து போச்சு. தண்ணி கேட்டார்."

"நான் நினைச்சன் முடிஞ்சுது எண்டு" என்றார் நானா. "சலாம் சொல்லிட்டு இறங்க ரெடி."

"பேந்து?"

"பேந்து ரெண்டாவதை எடுத்தார். மூண்டாவதையும். இது மீனோ எண்டு கேட்டார். மீனில்லை, உங்கடை சீஸ்தான், எங்கடை ஊர்ப் பொரியல் எண்டனான். சிரிச்சார். சிரிச்சுக்கொண்டு என்ரை கையைப் பிடிச்சுத் திருப்பி நகத்தைப் பார்த்தார். பெயின்றோ எண்டு கேட்டார்."

"ஐயோ."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன் மணி. நகத்திலை இருக்கேக்கை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? அப்ப ஆர் பொரிச்சது எண்டு கேட்டார். என்ரை மனிசி எண்டனான்."

சின்னம்மா குடையை மடக்கி அவர் தோளில் ஒன்று வைத்தார். "கப்பலைக் கையிலை வைச்சிருந்து கடலிலை போட்டிட்டீங்களே!"

"பொறு, பொறு, தங்கச்சி" என்றார் நானா. "மிச்சத்தைக் கேளு. சமையலுக்கு அங்க வேற ஆள் இருக்காம். இவன் வெங்காயம் உரிக்கணும், சட்டி கழுவணும், மிச்ச நேரம் துருச் சுரண்டணும். துரு இல்லாத கப்பல் உலகத்தில இல்லையாம். ஆனா ஏறுறதுக்கு முன்ன இந்தப் பொரியலைப் பொண்டாட்டிக்கிட்டப் படிச்சிட்டுத்தான் வரணுமாம்."

சின்னம்மா குடையை மறுபடியும் விரித்தார். மறுபடியும் மடக்கினார். சிரித்தார், மூக்கைத் துடைத்தார். "உந்தக் கப்டன் எனக்கு வேலை தந்திருக்கலாம்" என்றார்.

மிஞ்சியிருந்த நாட்களில் எங்கள் குசினி ஒரு பயிற்சிக் கூடமாகியது. சீஸ் இல்லாததால் மரவள்ளிக் கிழங்கை அதே அளவில் நான் வெட்டிக் கொடுக்க, சித்தப்பா பொரித்தார். மாவை அவர் பூசவில்லை, தீட்டினார். இரண்டாவது பூச்சும் கொடுக்கப் பார்த்தார். சின்னம்மா அகப்பையோடு நின்றார். ஒருநாள் காலையில் கப்பல் ஊதியது. அந்த ஊதலில் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் நிலத்தில் படுக்கவில்லை.

இப்போதைய நிலை இது. சித்தப்பா கடலில் இருக்கிறார். குசினி முகட்டில் அந்தச் சீஸ் இன்னும் ஒட்டியிருக்கிறது. சுரண்டச் சின்னம்மா விடுவதில்லை. போன கிழமை எங்கள் ஒழுங்கையை மறுபடியும் சுற்றிவளைத்தார்கள். புருசன் எங்கே என்று கேட்டார்கள். "நடுக்கடலிலை" என்றார் சின்னம்மா, யாரோ பரிசு கொடுத்ததுபோல. நேற்று நசீர் நானா, சித்தப்பாவின் கப்பலிலிருந்து வந்ததென்று, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஒரு கட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்று காலையிலிருந்து அது அரிசி கழுவிய தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.